கீறலும் கசிவும்: வங்க ஓவியத்தில் கரிமை

கொல்கத்தாவில் வாழும் தமிழர்களாகிய நாம் அதிகம் எண்ணிப் பாராத செய்தி ஒன்றுண்டு. இந்நகரில் இருவேறு வகையான பனையோலைச் சுவடிகள் இருவேறு இடங்களில் பாதுகாக்கப்படுகின்றன. பார்க் தெருவில், 1784-இல் சர் வில்லியம் ஜோன்ஸ் தோற்றுவித்த ஆசியக் கழகத்தில், 11, 12-ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்த பௌத்தச் சுவடிகள் உள்ளன. பிரஜ்ஞாபாரமிதை என்னும் மகாயான நூலைத் தாங்கிய அவ்வேடுகளில், எழுத்துக்கள் கரிய மையால் ஏட்டின் மேற்பரப்பில் எழுதப்பட்டவை. அலிப்பூர் தேசிய நூலகத்திலோ, தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராய் விளங்கிய பேராசிரியர் எஸ். வையாபுரிப் பிள்ளை (1891-1956) அவர்களின் தொகுப்பு உள்ளது. அவர் அரிதின் திரட்டிய அச்சு நூல்களோடு தமிழ் ஓலைச்சுவடிகளும் அத்தொகுப்பில் அடங்கும். அவ்வோலைகளில் எழுத்து மையால் எழுதப்பட்டதன்று; எழுத்தாணியால் கீறப்பட்டது. மை பிறகுதான் வந்தது.

இந்தப் ‘பிறகு’ என்னும் சொல்லில்தான் நம் கட்டுரையின் பொருள் அடங்கியிருக்கிறது. நம் நாட்டில் ஏடு எழுதுவோன் முதலில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தையே எழுதினான். வெளிறிய ஓலையில் வெளிறிய கீறல். உற்று நோக்கினாலன்றிப் புலனாகாது. விளக்குக் கரியை எண்ணெயிலோ, கோவையிலை, ஊமத்தையிலை போன்றவற்றின் சாற்றிலோ குழைத்து ஏட்டின்மீது தடவித் துணியால் துடைத்தபோது, மேற்பரப்பிலிருந்த கரி நீங்க, கீறலுக்குள் இறங்கிய கரி மட்டும் நின்றது. அப்போதுதான் எழுத்து பிறந்தது. பள்ளியில் சேரும் பிள்ளைக்குச் சுவடியை மையிட்டுக் கையில் தரும் சடங்குக்கு ‘மையாடல்’ என்றே பெயர். புள்ளியிட்டால் ஏடு பொத்துப் போகும் என்று மெய்யெழுத்துக்களைப் புள்ளியின்றியே எழுதி, பின்வந்த பதிப்பாசிரியர்களைப் பல்லாண்டுகள் திண்டாட வைத்ததும் இந்தக் கீறல் எழுத்தின் விளைவேயாகும்.

வங்கத்திலும் நேபாளத்திலும் அப்படியன்று. அங்கே பயன்பட்ட சீதாளப் பனையின் ஓலை மெல்லியது. மையை ஏற்கும் இயல்பினது. எனவே கோலை மையில் தோய்த்து நேரே எழுதினர். மை வேறு, எழுத்து வேறு என்று அங்கே பிரிக்கவொண்ணாது. மை காய்ந்தால் எழுத்து உண்டு. நீர் பட்டுக் கரைந்தால் எழுத்து இல்லை. நம் ஏட்டிலோ மை அழிந்தாலும் கீறல் நிற்கும்; மீண்டும் கரி தடவி மீண்டும் படிக்கலாம்.

ஒரு சமூகம் மையை எப்படிக் கையாண்டதோ அதற்கேற்பவே அதன் கோட்டுச் சித்திரமும் அமையும் என்பது என் கருத்து. கொல்கத்தாவில் இருபதாம் நூற்றாண்டில் தோன்றிய கரிமை ஓவியங்களை இந்த அளவுகோல் கொண்டு நோக்கினால், வழக்கமான மதிப்பீடுகள் சில தலைகீழாகின்றன. அவற்றைக் காண்பதற்கு முன் கரிமை என்னும் பொருளைப் பற்றிச் சிறிது கூற வேண்டும்.

கரிமையின் செய்முறை உலகெங்கும் ஒன்றே. எண்ணெயையோ மரத்தையோ எரித்துப் புகைக்கரியைப் பிடித்தல், அதைப் பசையில் குழைத்தல், நெடுநேரம் அரைத்தல். சீனர் தேவதாரு போன்ற மரத்தின் கரியையும் எண்ணெய் விளக்கின் கரியையும் விலங்குப் பசையோடு சேர்த்துக் கட்டியாக்கி, வேண்டும்போது கல்லில் நீர் விட்டு உரைத்தனர். நம் நாட்டார் மரப்பிசின் கொண்டு குழைத்தனர். சாக்கடற் சுருள்களில் பெரும்பாலானவை கரிமையால் எழுதப்பட்டவையே. கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலையில் புதைந்து தாமே கரியாகிப் போன ஹெர்குலேனியச் சுருள்களும் அவ்வாறே. கரியின்மேல் கரியால் எழுதியது போலாகிவிட்ட அவற்றை விரிக்காமலே, ஊடுகதிரும் கணினியும் கொண்டு 2023 முதல் சிறிது சிறிதாகப் படித்து வருகின்றனர். வெயிலில் வெளுக்காத, தாளை அரிக்காத மை இது. ஐரோப்பியர் பன்னூறு ஆண்டுகள் கையாண்ட மாசிக்காய்-இரும்பு மையோ தான் எழுதிய தாளைத் தானே தின்றுவிடும்.

இதன் பெயர்தான் வேடிக்கையானது. ஆங்கிலேயர் இதனை ‘இந்தியன் இங்க்’ என்பர். பிரெஞ்சுக்காரர் ‘சீன மை’ என்பர். வங்காளத்து ஓவியரும் ‘சைனீஸ் இங்க்’ என்றே சொல்வது வழக்கம். வங்க நாட்டுக்கும் சொந்தமான மை உண்டு என்பதைப் பத்தாம் வகுப்பில் வங்காளம் படித்த நம் வீட்டுப் பிள்ளைகள் அறிவர். ஸ்ரீபாந்த எழுதிய பழைய மை, பழைய பேனா பற்றிய கட்டுரை அவர்கள் பாடநூலில் இடம்பெற்றது. எள், திரிபலை, இலவம்பட்டை, ஆட்டுப்பால் ஆகியவற்றைக் கொண்டு இரும்புப் பாத்திரத்தில் இரும்பாலேயே தேய்த்து மை செய்யும் முறையைச் சொல்லி, ஏட்டைவிட மைக்கே ஆயுள் மிகுதி என்று பெருமை பேசும் நாட்டுப்புறச் செய்யுள் ஒன்று வங்கத்தில் வழங்குகிறது. கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் கூடினால் தாமே கறுக்கும். ஆதலால் அது கரியும் துவர்மையும் கலந்த இரட்டை மை எனலாம். யாதவ்பூர் ‘சுலேகா மோர்’ என்னும் நாற்சந்திக்குப் பெயர் தந்த சுலேகா மை இவ்வினத்தைச் சேர்ந்ததன்று. 1934-இல் சுதேசி உணர்வில் தோன்றி, 1980-களின் இறுதியில் மூடப்பட்டு, பின்னர் மீண்டும் உயிர்பெற்ற அம்மை, ஊற்றுப் பேனாவுக்குரியது. கரித்துகள் பேனாவின் குழாயை அடைத்துவிடும் என்பதால் அத்தகைய மைகளில் பொதுவாகக் கரி சேர்ப்பதில்லை.

இனி ஓவியத்துக்கு வருவோம்.

வங்கத்துப் பட்டுவாக்கள் தம் தொழிலைப் ‘பட் லேகா’, அதாவது படம் எழுதுதல் என்பர். தமிழிலும் ‘ஓவியம் எழுதுதல்’ என்பதே பழவழக்கு. கண்ணுக்கு மை தீட்டுவதையும் நாம் எழுதுதல் என்றே சொன்னோம். வள்ளுவர் காமத்துப்பாலில் சொல்லும் கோல், ஏடு எழுதும் கோல் அன்று, மை எழுதும் கோலே. எழுத்து, ஓவியம், கண்மை மூன்றும் ஒரே வினைக்குள் அடங்கியிருந்தன. காளிகாட் கோயிலைச் சுற்றி 19-ஆம் நூற்றாண்டில் கடை பரப்பியிருந்த பட்டுவாக்களின் படங்களைப் பார்க்கும்போது இச்சொல்லின் பொருத்தம் விளங்கும். லேக் மார்க்கெட்டில் வாழையிலையும் முருங்கைக்காயும் வாங்கும் நம்மவர்க்குக் காளிகாட் எவ்வளவு தூரம்? ஆயினும் அங்கே பிறந்த அப்படங்களை நம்மில் எத்தனை பேர் கண்டிருக்கிறோம்?

ஆலைத்தாளில் விரைந்து வரைந்து, யாத்திரிகர்க்குச் சில காசுகளுக்கு விற்ற படங்கள் அவை. விளக்குக் கரியைச் சட்டியில் பிடித்துக் குழைத்த மையில் தோய்ந்த தூரிகை, தோளில் தொடங்கி இடுப்பு வளைவில் இறங்கிக் காலில் முடியும், இடையில் தயக்கமில்லை. பிழை திருத்த நேரமுமில்லை. யாமினி ராய் (1887-1972) ஐரோப்பிய எண்ணெய் வண்ணத்தில் கைதேர்ந்தபின் அதைத் துறந்து, 1920-களில் இக்காளிகாட் கோட்டையே மீண்டும் பயின்றார். அவருடைய பிற்கால வண்ணப் படங்களைவிட, விளக்குக் கரியொன்றையே கொண்டு வரைந்த அந்தத் தொடக்கக் காலப் படங்களே உயர்ந்தன என்று எனக்குத் தோன்றுகிறது. வண்ணப் படங்களில் கோடு வேலியாகி விடுகிறது. கரிப்படங்களிலோ அது உடலாகவே இருக்கிறது.

காளிகாட்டின் கடைத்தெருவுக்கும் ஜொராசங்கோ தாகூர் மாளிகைக்கும் சில மைல்களே தூரம் என்றாலும் மனத்தளவில் அது நெடுந்தூரம். மாளிகைக்கு மை கடல் கடந்து வந்தது. ஜப்பானியக் கலையறிஞர் ஒகாகுரா காகுசோ 1902-இன் தொடக்கத்தில் கல்கத்தா வந்தார். ஆசியா முழுவதும் ஒரே பண்பாட்டுக் குடும்பம் என்று வாதிட்ட அவரது ஆங்கில நூல் 1903-இல் லண்டனில் வெளிவந்தபோது, அதற்கு முன்னுரை வழங்கியவர் சகோதரி நிவேதிதை. பாரதியார் கல்கத்தாவில் கண்டு குருவாகக் கொண்டு, 1908-இல் ‘ஸ்வதேச கீதங்க’ளைக் காணிக்கையாக்கிய அதே நிவேதிதைதான். ஆக, நம் கவிஞருக்கும் வங்கத்தின் புதிய ஓவியத்துக்கும் பெருந்துணையாய் நின்றவர் ஒருவரே.

1903-இல் ஒகாகுராவின் மாணவர்களான யோகோயாமா டைக்கானும் ஹிஷிதா ஷுன்ஸோவும் கல்கத்தா வந்து தங்கினர். டைக்கான் தூரிகையால் கோட்டை வரைவதோடு நில்லாமல், நீர் கொண்டு அதை நனைத்துக் கசியவிட்டு மங்க வைப்பதை அவநீந்திரநாத் தாகூர் (1871-1951) அருகிருந்து கண்டார். பின்னர் தம் படத்தையே நீரில் முக்கி எடுத்து வண்ணத்தைக் கரைக்கும் முறையைக் கைக்கொண்டார். ‘வாஷ்’ எனப் பெயர் பெற்று வங்கப் பாணியின் அடையாளமே ஆகிவிட்ட அம்முறையில்தான் 1905-இன் ‘பாரத மாதா’வும் அமைந்தது. இதில் ஒரு முரண் உண்டு. டைக்கானும் ஷுன்ஸோவும் இப்பாணிக்காகத் தம் சொந்த நாட்டில் ஏளனத்துக்கு ஆளானவர்கள். ‘மங்கல் பாணி’ என்று அங்குள்ள விமரிசகர் அதனை எள்ளினர். டோக்கியோ ஏற்க மறுத்த பனிமூட்டத்தைக் கல்கத்தா கீழ்த்திசையின் ஆன்மாவென்று தழுவிக்கொண்டது!

அம்மூட்டத்தில் அழகில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் மூன்றாம் தலைமுறைச் சீடரின் கையில் அது ஒரு மருந்தாகிவிட்டது. எந்தப் பொருளை அதில் முக்கினாலும் ஒரே ஏக்கம், ஒரே அந்தி. மேலும், வாஷ் என்பது பெரும்பாலும் வண்ணத்தின் கலை. கரிமையின் ஆற்றலை அந்த வீட்டில் உணர்ந்தவர் தம்பியல்லர், தமையனார் ககனேந்திரநாத் தாகூர் (1867-1938).

ரவீந்திரர் தம் இளமை நினைவுகளை எழுதிய ‘ஜீவன்ஸ்மிருதி’ 1912-இல் நூலாக வெளிவந்தபோது அதற்குப் படம் எழுதியவர் ககனேந்திரர். ஜப்பானியத் தூரிகைப் பயிற்சியும் கல்கத்தாக் காட்சியும் அப்படங்களில் கூடின. வண்ணம் இல்லை, கருமையின் அடர்த்தி, நடுத்தரம், மங்கல் என்னும் படிநிலைகளும், தொடாமல் விட்ட தாளின் வெண்மையுமே உள்ளன. நினைவு என்பது அப்படித்தானே இருக்கிறது? சில இடங்கள் துலக்கம்; சில இடங்கள் கரைசல்; சில வெறும் வெள்ளை. பொருளுக்கும் மைக்கும் இத்தகைய பொருத்தம் அமைவது அரிது. காகங்களை அவர் மையால் எழுதிய படங்களும் புகழ் பெற்றவை. ஏற்கெனவே கருமையான பறவையைக் கருமையாலேயே எழுதி, அதற்கு இறகும் அசைவும் குறும்பும் தருவது எளிதன்று. இதே கைதான் 1917-இல் ‘அத்புத் லோக்’, ‘விரூப் வஜ்ர’ முதலிய கேலிச்சித்திரத் தொகுப்புகளில், போலி நாகரிக பாபுக்களைக் கல்லச்சின் கனத்த கருமையால் அடித்து நொறுக்கியது. மூட்டத்தை வேண்டும்போது போர்த்தவும், வேண்டாதபோது உதறவும் தெரிந்தவர் அவர்.

ரவீந்திரர் 1916-இல் ஜப்பான் சென்று திரும்பியபின், அராய் காம்போ என்னும் ஜப்பானிய ஓவியர் ஜொராசங்கோவின் ‘விசித்ரா’வில் தூரிகைக் கலை கற்பிக்க வந்து 1918 வரை இந்தியாவில் இருந்தார். 1924-இல் நந்தலால் போஸ் (1882-1966) ரவீந்திரரோடு சீனாவும் ஜப்பானும் சென்று வந்தார். இப்பயணங்களின் பயனாகச் சாந்திநிகேதனத்தில் கரிமைத் தூரிகை அன்றாடக் கருவியாயிற்று. நடந்து போகும் சந்தால் பெண், மேயும் எருமை, ஒற்றைப் பனை என எதையும் அஞ்சலட்டையில் சில வீச்சுகளில் எழுதிவிடுவது அங்கே வழக்கமாயிற்று. அம்மரபில் வளர்ந்த வினோத்பிஹாரி முகர்ஜி (1904-1980) பிறவியிலேயே பார்வை குன்றியவர். 1950-களின் நடுவில் அறுவை சிகிச்சைக்குப்பின் முற்றும் பார்வை இழந்தவர். அவர் மாணவரான சத்யஜித் ராய் 1972-இல் எடுத்த ‘தி இன்னர் ஐ’ என்னும் குறும்படம் அவரைப் பற்றியதே. அந்த ராயும் ‘பதேர் பாஞ்சாலி’யைத் திரைக்கதையாக எழுதுமுன் காட்சி காட்சியாகக் கரிமையால் வரைந்து வைத்தவர் என்பது இவ்விடத்தில் நினைக்கத்தக்கது.

நந்தலாலின் கருமைகளுள் எனக்குச் சிறந்ததாகத் தோன்றுவது தூரிகைப் படமன்று. 1930-இல் தண்டி யாத்திரையை ஒட்டி அவர் லினோலியப் பலகையில் செதுக்கி அச்சிட்ட காந்தியடிகள் படம். கரிய பின்புலத்தில் வெண்கோடாக, கையில் தடியூன்றி நடக்கும் அவ்வுருவை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அதே 1930-இல் வெளிவந்த ரவீந்திரரின் ‘சஹஜ் பாட்’ என்னும் வங்க அரிச்சுவடிக்கும் அவர் இம்முறையிலேயே படம் செதுக்கினார். நம் பிள்ளைகள் பலர் வங்க எழுத்தை முதன்முதல் கற்றது அப்படங்களைப் பார்த்துத்தான்.

இப்படங்களின் செய்முறையை எண்ணிப் பாருங்கள். முதலில் உளி கீறுகிறது. பிறகு மை வருகிறது. அச்சுமையும் புகைக்கரியை ஆளிவிதை எண்ணெயில் அரைத்த கரிமையே. நம் எழுத்தாணி ஏட்டில் நிகழ்ந்ததும் இதுவன்றோ? ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. ஏட்டில் கரி பள்ளத்தில் இறங்கிக் கீறல் கறுக்கிறது. பலகையில் கரி மேட்டில் தங்கிக் கீறல் வெளுக்கிறது. ஏட்டெழுத்தைத் தலைகீழாக்கினால் நந்தலாலின் காந்தி! ஜப்பானியத் தூரிகையைப் பழகிய அக்கை, நாட்டுக்கு ஒரு முகம் தரவேண்டிய வேளையில் கசிவை விட்டுக் கீறலை நாடியது தற்செயல் அன்று என்றே நான் கருதுகிறேன். கசிவு தனியொருவரின் மனநிலையைச் சொல்லும். கீறலே பலரும் படிக்கும் எழுத்தாகும்.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து இதற்குக் கொடிய சோதனை வந்தது.

1943-இல் வங்கத்தைப் பஞ்சம் பிடித்தது. சுமார் 30 லட்சம் மக்கள் மாண்டனர். போர்க்கால விலையேற்றமும், பதுக்கலும், படகுகளையும் நெல்லையும் அப்புறப்படுத்திய அரசின் செயலும், இரக்கமற்ற ஆட்சியும் கூடிச் செய்த கொடுமை அது. சிற்றூர்களிலிருந்து கல்கத்தாத் தெருக்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் சோறு கேட்கவில்லை. சோறு வடித்த கஞ்சியைக் கேட்டனர். ‘பேன் தாவ்’ என்னும் அக்குரலைப் பற்றி நம் குடும்பங்களின் மூத்தோர் சிலர் சொல்லக் கேட்டவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கக்கூடும். வடிகஞ்சியைப் பிச்சையாகக் கேட்பது என்றால் என்ன என்பது சோறுண்ணும் தமிழனுக்கு விளக்கம் வேண்டாத செய்தி.

கல்கத்தா அரசினர் ஓவியப் பள்ளியில் அப்போது ஆசிரியராக இருந்தார், மைமன்சிங் பகுதியிலிருந்து வந்த ஜைனுல் ஆபெதின் (1914-1976). அவர் தெருவில் இறங்கினார். பொட்டலம் கட்டும் மலிவுத் தாளில், சீன மையும் தூரிகையும் கொண்டு, கண்டதைக் கண்டவாறே எழுதினார். குப்பைத் தொட்டியருகே மனிதரும் நாயும் காக்கையும். மடிந்த தாயருகே பால் தேடும் மகவு. நீட்டிய தகரக் குவளை.

இங்கே ஒரு விமரிசனக் கேள்வி எழுகிறது. அதைத் தட்டிக்கழிக்கலாகாது. சீன, ஜப்பானியப் பெரியோர்கள் மூங்கிலையும் மலைமூட்டத்தையும் எழுதிச் செம்மை செய்த தூரிகை இது. ஓய்வும் அமைதியும் உள்ளவனின் கருவி. அதைக் கொண்டு பசியில் சாகிறவனை எழுதலாமா? எழுதினால் அப்படம் ‘அழகாக’ இருக்காதா? இருந்தால் அது பாவமாகாதா?

ஜைனுல் ஆபெதினின் படங்களே இதற்கு விடை. கசிவு அவற்றில் இல்லவே இல்லை. மை குறைந்து உலர்ந்த தூரிகையை அவர் முரட்டுத் தாளில் இழுக்கிறார். கோடு நடுவே முறிகிறது, பிளக்கிறது, தாளின் பழுப்பு அதனூடே தெரிகிறது. விலா எலும்பை எழுதும் கோடு, தானே எலும்பாய் நிற்கிறது. ஒரே வீச்சில் முடிந்த அக்கோடுகளில் தேர்ச்சி இல்லாமலில்லை. ஆனால் தேர்ச்சியைக் காட்டும் ஆசை இல்லை. காளிகாட் பட்டுவாவின் விரைவும் தூரிகைப் பயிற்சியும் இங்கே ஒன்றுகூடின. மை வற்றிய தூரிகை ஓவியனுக்குக் குறை, அக்குறையையே மொழியாக்கினார். பசியை எழுத நிறைந்த தூரிகை உதவாது என்று அவர் கண்டதுதான், கொல்கத்தாவின் கரிமைக் கலையில் நிகழ்ந்த மிகப் பெரிய கண்டுபிடிப்பு என்பேன். 1944-இல் ஈலா சென் எழுதிக் கல்கத்தாவில் வெளியான ‘டார்க்கெனிங் டேஸ்’ என்னும் நூலில் இப்படங்கள் சில இடம்பெற்றன. நாடு பிரிந்தபின் அவர் டாக்கா சென்று 1948-இல் அங்கே ஓவியக் கல்லூரியை நிறுவினார். கல்கத்தாவின் நடைபாதையில் பிறந்த படங்களுள் பலவற்றைக் காண இன்று நாம் எல்லை கடந்து போகவேண்டியிருக்கிறது.

சித்தபிரசாத் பட்டாசாரியாவின் (1915-1978) வழி வேறு. அவர் 1943 நவம்பரில் மேதினிபூர் மாவட்டத்தில் நடந்து திரிந்து, கண்டவரின் பெயரும் ஊரும் குறித்து, பேனாவும் மையும் கொண்டு படமெழுதி, ‘ஹங்ரி பெங்கால்’ என்னும் சிறு நூலாக்கினார். அரசு அந்நூலின் 5,000 படிகளைக் கைப்பற்றி அழித்தது. குடும்பத்தார் வங்கிப் பெட்டகத்தில் காத்து வைத்திருந்த ஒரு படியினின்றும் 2011-இல் அது மறுபதிப்பாயிற்று. வெயிலும் காலமும் அழிக்கவியலாத மையை ஓர் ஆணை அழித்துவிடப் பார்த்தது. அவரது பேனா தூரிகையைப் போலப் படர்வதில்லை; நெருக்கமான சிறுகீறல்களால் நிழலைக் கட்டுகிறது. கலை நயத்தில் ஜைனுலின் படமே மேலானது. ஆயினும் சித்தபிரசாத்தின் படத்தில் உள்ளவனுக்குப் பெயர் இருக்கிறது. ‘பசித்தவன்’ என்ற பொதுப்பெயரில் அவன் கரைந்து போவதில்லை. எது பெரிது என்று என்னைக் கேட்டால் விடை சொல்லத் தயங்குவேன். இவ்விருவரையும் ஆசான்களாகக் கொண்ட சோமநாத் ஹோர் (1921-2006), 1946-இல் தேபாகா உழவர் போராட்டத்தை நாட்குறிப்போடு படங்களாக எழுதினார். பிற்காலத்தில் அவர் வெண்தாள் கூழில் வெறும் காயங்களை மட்டுமே பதித்த ‘வூண்ட்ஸ்’ வரிசையைச் செய்தபோது மையையே துறந்துவிட்டார். மை தடவாத ஏட்டைப் போல, கீறல் மட்டும் அங்கே நிற்கிறது.

இக்கலை தமிழகத்தைத் தொட்டதா? தொட்டது, ஆனால் சுற்றுவழியில். அவநீந்திரரின் மாணவரான தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1929-இல் சென்னை ஓவியப் பள்ளியின் தலைமையை ஏற்றார். மெரினா கடற்கரையின் உழைப்பாளர் சிலையைத் தமிழர்க்குத் தந்தவர் அவரே. அவருடைய மாணவர் கே.சி.எஸ். பணிக்கர், அவர் காலத்தில் அப்பள்ளியில் பயின்றவர்களுள் ஒருவர், கீராம்பூரில் பிறந்த கே.எம். ஆதிமூலம் (1938-2008). வாஷ் முறையின் மூட்டம் இவ்வழியில் எப்போதோ கரைந்து போயிற்று. ஆதிமூலத்திடம் வந்து சேர்ந்தது கருப்பும் வெளுப்பும் மட்டுமே.

காந்தியடிகளின் நூற்றாண்டான 1969-இல் ஆதிமூலம் அவரைக் கரிமையால் வரிசை வரிசையாக வரைந்தார். தமிழ்ச் சிற்றிதழ்களின் வாசகர்களும், பின்னர் ஜூனியர் விகடனில் கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’யைத் தொடர்ந்து படித்தவர்களும் அவர் கோட்டை உடனே அடையாளம் காண்பர். அக்கோடு ஜப்பானியக் கோடன்று. காளிகாட்டின் ஒரே வீச்சும் அன்று. நூற்றுக்கணக்கான மெல்லிய பேனாக் கோடுகள் நெருங்கியும் விலகியும் ஓடி, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கரிசல் மண்ணின் வெடிப்பைப் போலவும் முதியவர் முகத்துச் சுருக்கத்தைப் போலவும் உருவைச் செதுக்குகின்றன. மை அங்கே பரவுவதில்லை, குத்தப்படுகிறது. ஓலையில் எழுத்தாணி பிடித்த கைகளின் வழிவந்தவன் பேனாவைப் பிடித்தால் எப்படி எழுதுவானோ அப்படி எழுதியிருக்கிறார். அவர் இதை எண்ணிச் செய்தாரா என்பது வேறு கேள்வி. கை எண்ணாமலும் நினைவு வைத்திருக்கும்.

நந்தலாலின் 1930-ஆம் ஆண்டுக் காந்தியையும் ஆதிமூலத்தின் 1969-ஆம் ஆண்டுக் காந்தியையும் அருகருகே வைத்துப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் அன்பர்கள் அதைத் தவறவிட வேண்டாம். முன்னதில் இருளிலிருந்து வெண்கோடாய் எழுந்து ஒருவர் நம்மை நோக்கியன்று, தம் வழியே நடக்கிறார். முழு உருவம், முதுகுச் சற்றே வளைவு, ஊன்றிய தடி. போராட்டத்தின் காந்தி அவர். பின்னதில் வெண்தாளில் கருங்கோடுகள் திரண்டு ஒரு முகமாகின்றன. அருகே சென்றால் முகம் கலைந்து கோடுகளே எஞ்சுகின்றன. விலகி நின்றால் மீண்டும் அவர் வருகிறார்.